வேகம் எத்தனை வைப்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த சால்வென்ட் ஆலையின் லேபில், எந்த மெத்தட் ஷீட்டிலும் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. பீக் பிரியவில்லையா, கேஸைக் குறை. ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாறி வந்த விதி அது. ராத்திரி ஷிப்ட்காரர் காலை ஷிப்ட்காரரிடம் சொல்லுவார், அவர் மத்தியான ஷிப்டுக்குச் சொல்லுவார். நிதானமாகச் செய்தால் காரியம் சுத்தமாக இருக்கும் என்று கேட்டு வளர்ந்த யாருக்கும் அதில் சந்தேகம் வராது. அந்த விதி பாதி பொய் என்பதைப் புரியவைத்தவர் எங்கள் இன்சார்ஜ். அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

ஜி.சி. என்று நாங்கள் சொல்லும் கேஸ் குரோமட்டோகிராஃபைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். ஒரு சொட்டை விடவும் மிகக் குறைவான திரவத்தை சிரிஞ்சில் எடுத்து, சூடான இன்ஜெக்டரில் குத்தினால் அது உடனே ஆவியாகும். ஹீலியமோ நைட்ரஜனோ அந்த ஆவியைச் சுமந்துகொண்டு ஒரு நீளமான குழாய்க்குள் போகும். ஓவனுக்குள் வளையமாகச் சுருட்டி வைத்திருக்கும் அந்தக் குழாய்க்குப் பெயர் கேப்பிலரி. நீளம் பெரும்பாலும் 30 மீட்டர். உள்விட்டம் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரை இருக்கும். உட்சுவரில் சிலிகோன் வகைப் பூச்சு ஒன்று மெல்லியதாகப் படிந்திருக்கும். ஆவியில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தப் பூச்சில் கரைவதும் திரும்ப வாயுவுக்கு வருவதுமாக நகரும். அதிகம் கரைவது பிந்தி வரும், குறைவாகக் கரைவது முந்தி வரும். மறுமுனையில் சின்ன ஹைட்ரஜன் சுடர் எரிகிற டிடெக்டர் இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் அதில் எரியும்போது தாளில் ஒரு பீக் எழும். சுமந்து போகிற வாயுதான் கேரியர் கேஸ். அதை என்ன வேகத்தில் விடுவது என்பதுதான் கேள்வி.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். மூர் மார்க்கெட்டில் ஏறினால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி. வண்டியில் தமிழும் தெலுங்கும் பாதிப் பாதி. தடா, சூலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து எதிர்த் திசையில் வருகிறவர்களும் எங்களோடு வேலை செய்தார்கள். சுற்றிலும் இரும்பு உருட்டாலைகளும் உருக்காலைகளும். எங்கள் வேலையோ வாசனை பிடித்த வேலை: மருந்து ஆலைகளில் பயன்படுத்திய அசிட்டோன், மெத்தனால், டொலுவீன், ஐ.பி.ஏ. என்று சொல்லும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எல்லாவற்றையும் டேங்கரில் வாங்கி, வடித்துச் சுத்தம் செய்து திரும்ப விற்பது. உள்ளே வருகிற டேங்கரும் வெளியே போகிற டேங்கரும் எங்கள் ஒற்றை ஜி.சி.யின் தாளுக்காகக் கேட்டில் நிற்கும்.

ஒரு காலை நான் உள்ளே போனபோது ராத்திரி ஷிப்ட் நண்பர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அசிட்டோன் லோடு ஒன்று. அதில் ஐ.பி.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் கேப்பிலரியில் அவை இரண்டும் ஒட்டி ஒட்டித்தான் வரும். பிரியவில்லை என்று ஹீலியத்தின் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார். இன்னும் பிரியவில்லை என்று இன்னும் குறைத்திருக்கிறார். மேஜை மீது கிடந்த தாள்களில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் நீண்டுகொண்டே போயிருந்தது. பீக்குகளோ பருத்துக்கொண்டே போயிருந்தன. கேட்டிலிருந்து டிரைவர் செக்யூரிட்டி போனில், “சார், மத்தியானத்துக்குள்ள விட்டுருவீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்சார்ஜ் வந்தார். தாள்களைப் புரட்டினார். திட்டவில்லை. “லைட்டரை எடு” என்றார்.

சால்வென்ட் ஆலைக்குள் தீப்பெட்டியோ லைட்டரோ கொண்டுவர முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டிடெக்டர் சுடரைப் பற்றவைக்க என்று ஒரே ஒரு கேஸ் லைட்டருக்கு லேபில் அனுமதி இருந்தது, இழுப்பறையில் பூட்டி வைத்திருப்போம். அதன் முனையில் சிரிஞ்சை வைத்து, துளி வாயுவை இழுத்து இன்ஜெக்டரில் குத்திவிட்டு, ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். லைட்டர் வாயு பூச்சில் அநேகமாகக் கரையாது. கேரியர் கேஸ் எவ்வளவு நேரத்தில் குழாயைக் கடக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில் அதுவும் கடக்கும். கறாராகச் செய்ய வேண்டுமென்றால் மீத்தேன் வேண்டும். பூச்சு தடிமனாகவும் ஓவன் சூடு குறைவாகவும் இருந்தால் லைட்டரின் பியூட்டேன் சற்றுப் பிந்தும். அவசரத்துக்கு அது போதும்.

பீக் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. “முப்பது மீட்டர்னா மூவாயிரம் சென்டிமீட்டர். முந்நூறு செகண்ட். அப்போ செகண்டுக்குப் பத்து சென்டிமீட்டர். ஹீலியத்துக்கு இது நடையே இல்ல தம்பி, படுத்துக்கிட்டு இருக்கு” என்றார். ரெகுலேட்டரைத் திருப்பினார். மறுபடி லைட்டர், மறுபடி ஸ்டாப்வாட்ச். இரண்டரை நிமிடத்தில் பீக் வரும்வரை ஏற்றினார். அப்புறம் சாம்பிளைக் குத்தச் சொன்னார்.

வேகம் இரட்டித்திருந்தது, நேரம் பாதியாகியிருந்தது. பீக்குகள் ஒடுங்கி வந்திருந்தன. முந்தைய தாளில் ஒரே திமிலாக இருந்த இடத்தில் இப்போது நடுவே பள்ளம் தெரிந்தது. முழுக்கப் பிரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு ஓவன் சூட்டைப் பத்து டிகிரி இறக்கினார், சரியாகப் போயிற்று. டேங்கர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வெளியே போனது. எனக்கு மட்டும் தலை சுற்றியது. வேகமாக விட்டால் எப்படி நன்றாகப் பிரியும்?

அவர் சொன்ன விளக்கம் எங்கள் ஊர் விளக்கம். “காலைல ஸ்டேஷன்ல ஒரே வண்டியில இறங்குற கூட்டத்தைப் பாரு. எல்லாரும் ஒண்ணாத்தான் இறங்குறாங்க. கேட்டுக்குப் போக அவசரமே இல்லேன்னு வை. அவன் முன்னாடி போவான், இவன் பின்னாடி நிப்பான், அரை மணியில கூட்டம் ரோடு பூரா பரவிடும். மெதுவா விட்டா கேஸுக்குள்ள மூலக்கூறு அப்படித்தான் பரவும். சரி, எல்லாரும் ஓடுறாங்கன்னு வை. டீக்கடைக்குள்ள நுழைஞ்சவன் கிளாஸை வெச்சிட்டு வெளியே வர்றதுக்குள்ள, வெளியில இருந்தவன் கேட்டையே தாண்டிடுவான். அப்பவும் கூட்டம் சிதறும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு நடை இருக்கு. கூட்டம் கூட்டமாவே போய்ச் சேருற நடை. அதைத்தான் நாம தேடுறோம்.”

பிறகு சார்ட் பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு வளைகோடு போட்டார். கீழே வேகம், பக்கவாட்டில் பீக் எவ்வளவு பரவுகிறது என்கிற அளவு. இடப்பக்கம் செங்குத்தாக இறங்கி, ஒரு பள்ளத்தைத் தொட்டு, வலப்பக்கம் சாவகாசமாக ஏறுகிற கோடு. 1956இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்த ஷெல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வான் டீம்டர், சைடர்வெக், கிளிங்கன்பர்க் என்ற மூவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. மூவரில் முதல்வரின் பெயர்தான் சமன்பாட்டுக்கு நிலைத்தது. பரவுதலுக்கு அவர்கள் மூன்று காரணம் சொன்னார்கள். துகள்கள் அடைத்த குழாயில் வெவ்வேறு பாதைகளில் போவதால் வருவது ஒன்று. வாயுவுக்குள் தானாகப் பரவுவது இன்னொன்று, வேகம் கூடக் கூட இது குறையும். பூச்சுக்கும் வாயுவுக்கும் இடையே போய்வருவதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது, வேகம் கூடக் கூட இதுவும் கூடும். இரண்டு வருடம் கழித்து மார்சல் கோலே என்பவர், துகளே இல்லாத வெற்றுக் குழாயான கேப்பிலரிக்கு இதை மாற்றி எழுதினார். அங்கே முதல் காரணம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது எதிரெதிராக இழுக்கும் இரண்டு மட்டுமே.

அந்த இரண்டை மட்டும் வைத்து இன்சார்ஜ் போட்டுக் காட்டிய கணக்கை இன்றைக்கும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தின் அடியில் இருக்கும் வேகத்தை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி வேகத்தில் ஓட்டினால் பரவல் அளவு 25 சதவீதம் கூடும். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் அதே 25 சதவீதம்தான். பிரியும் திறன் இந்த அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே இரண்டிலுமே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நஷ்டம். நஷ்டம் ஒன்றேதான். ஆனால் ஒருவன் பாதி நேரத்தில் வீட்டுக்குப் போகிறான், இன்னொருவன் இரட்டை நேரம் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றரை மடங்கில் ஓட்டினால் நஷ்டம் நான்கு சதவீதம்தான், நேரமோ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மெதுவாகப் போவதைப் பத்திரம் என்று நினைத்த எங்கள் லேபுக்கு இந்த நாலு வரிக் கணக்கு பெரிய அடி. பள்ளத்துக்கு இடப்பக்கம் நிற்பதில் எந்த லாபமும் இல்லை. நிற்பதானால் அடியில் நில், இல்லையென்றால் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நில்.

அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்பது வாயுவுக்கு வாயு மாறும். கால் மில்லிமீட்டர் குழாயில் நைட்ரஜனுக்கு நொடிக்குச் சுமார் 12 சென்டிமீட்டர், ஹீலியத்துக்கு 20லிருந்து 25, ஹைட்ரஜனுக்கு 40ஐ ஒட்டி. குழாய் அகலமானால் எல்லாமே கொஞ்சம் இறங்கும். எந்த வாயுவில் மூலக்கூறுகள் சுலபமாக நீந்துகின்றனவோ அதற்கு வேகம் அதிகம் தாங்கும். ஹைட்ரஜனில் அவை நைட்ரஜனை விட மூன்று நான்கு மடங்கு விரைவாகப் பரவும்.

இதில் இன்னொரு குழப்பமும் வரும். மெத்தட் ஷீட்டுகளில் பல சமயம் நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்றுதான் இருக்கும். குழாயின் அகலம் மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும். நொடிக்கு 35 சென்டிமீட்டர் என்ற ஒரே வேகத்துக்கு, 0.53 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 4.6 மில்லிலிட்டர் வேண்டும். 0.32 மில்லிமீட்டரில் 1.7 போதும். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய ஷீட்டில் அகலக் குழாயின் எண் இருந்தது, எங்களிடம் இருந்ததோ ஒடுங்கிய குழாய். அப்படியே வைத்தால் நொடிக்கு 95 சென்டிமீட்டர் ஓடும். இன்சார்ஜ் ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் சென்டிமீட்டரில் மாற்றி எழுதிவிட்டு, “மில்லிலிட்டர் சிலிண்டர் வாங்குறவனுக்கு. நமக்கு சென்டிமீட்டர்” என்றார். சோப்புக் குமிழி மீட்டரை டிடெக்டர் வாயில் மாட்டிக் குமிழி ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்ப்பது அப்போது தினசரி வேலை. குமிழி சொல்வதும் லைட்டர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் அவர் லாக் புக்கில் கையெழுத்துப் போடுவார்.

ஹீலியம் இல்லாத நாட்களும் வந்தன. 2017 ஜூனில் கத்தார் மீது அண்டை நாடுகள் தடை விதித்தபோது, உலக ஹீலியத்தில் ஏறக்குறையக் கால் பங்கைத் தந்துகொண்டிருந்த அதன் ஆலைகள் சில வாரங்கள் நின்றன. சிலிண்டர் விலை ஏறியது, கேட்ட நாளில் வரவில்லை. இறக்குமதியை நம்பித்தான் அந்த வாயு நமக்கு. ஆனால் அது வானத்தில் முதலில் அகப்பட்டது எங்கள் ரயில்பாதை போகிற திசையில்தான். 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூருக்கு வந்தார். மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரியனின் விளிம்பு ஒளியில் அன்று தெரிந்த மஞ்சள் கோடு, சோடியத்தின் கோடு இல்லை என்பது பின்னால் தெளிவாயிற்று. லாக்யர் அதற்குக் காரணமான தனிமத்தை ஹீலியம் என்றார். பூமியில் அது கிடைத்ததை ராம்சே 1895இல் காட்டினார். ஆந்திரக் கரையில் கண்ட வாயுவுக்காக நாங்கள் கத்தார் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

நைட்ரஜனுக்கு மாறுங்கள் என்று நிர்வாகம் சொன்னது. காற்றிலிருந்து எடுப்பது, விலை குறைவு, எப்போதும் கிடைக்கும். அப்போது இன்சார்ஜ் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த வளைகோட்டை நான் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஹீலியத்துக்கு வைத்திருந்த 25 சென்டிமீட்டரை நைட்ரஜனுக்கும் வைத்தால் பள்ளத்தைத் தாண்டி வெகுதூரம் வலப்பக்கம் போய்விடுவோம். நைட்ரஜனின் கோடு அங்கே சாவகாசமாக ஏறாது, விறுவிறுவென்று ஏறும். 12க்கு இறக்கினால் பிரிப்பு ஹீலியத்துக்குக் கொஞ்சமும் குறையாது, சொல்லப்போனால் இம்மியளவு மேல். ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் இரட்டை நேரம். ஒரே மெஷினில் வரிசை கட்டி நிற்கும் சாம்பிள்களுக்கு அது கட்டுப்படியாகாது.

கடைசியில் ஒரே எண்ணில் நிற்காமல், சாம்பிளைப் பார்த்துப் பிரித்தோம். காய்ச்சி வடிக்கும் கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை வரும் மெத்தனால், டொலுவீன் சாம்பிள்களில் பீக்குகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும். பிரிப்பு எக்கச்சக்கமாக மிச்சம். அங்கே நைட்ரஜனை 30இல் ஓட்டினோம், ஆபரேட்டருக்குத் தேவை சீக்கிரம் ஒரு பதில். அசிட்டோனும் ஐ.பி.ஏ.வும் சேர்ந்த லோடுகளை ராத்திரி வரிசையில் போட்டு 12இல் ஓட்டினோம். மருந்து ஆலைக்குப் போகிற டொலுவீனில் பென்சீன் பார்ப்பதும் அதே கணக்கில்தான். மருந்தில் மிஞ்சலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் டொலுவீனுக்கு 890 பி.பி.எம். வரை இடம் தருகிறது, பென்சீனுக்கு வெறும் 2. அத்தனை சிறிய பீக்கைப் பிடிக்க அது ஒடுங்கி உயர்ந்து நிற்க வேண்டும். பரந்து படுத்துவிட்டால் பேஸ்லைன் இரைச்சலில் காணாமல் போகும்.

நூல்களும் இதைத்தான் செய்கின்றன. மருந்தில் மிஞ்சும் சால்வென்ட்டுகளுக்கான அமெரிக்க மருந்தியல் நூலின் 467ஆம் அத்தியாயம், கேரியர் நைட்ரஜனோ ஹீலியமோ எதுவானாலும் நொடிக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் என்கிறது. அதில் சொல்லும் அகலக் குழாய்க்கு நைட்ரஜனின் பள்ளம் அதற்கு வெகு கீழே இருக்கிறது. எழுதியவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. அந்த ஓட்டம் அப்படியே ஒரு மணி நேரம் பிடிக்கும். இன்னும் மெதுவாக்கினால் எந்த லேபும் தாங்காது. தேவையான பீக்குகள் தேவையான அளவு பிரிந்தால் போதும் என்று முடிவு செய்து வைத்த எண் அது.

ஹைட்ரஜனுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். வேகத்தில் அதற்கு ஈடே இல்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயுவை மூடிய ஓவனுக்குள் விட, சால்வென்ட் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். சுடருக்கு அதே ஹைட்ரஜன்தானே ஏற்கனவே வருகிறது என்று வாதாடிப் பார்த்தோம். கசிவைக் கண்டால் தானே நிறுத்திவிடும் சென்சாரும், சிலிண்டருக்குப் பதில் தண்ணீரிலிருந்து தேவைக்கு மட்டும் பிரித்துத் தரும் ஜெனரேட்டரும் வந்த பிறகுதான் ஒரு மெஷினுக்கு அனுமதி கிடைத்தது. அது வந்ததும் அசிட்டோன் லோடு பகல் வேலைக்கே திரும்பியது.

இப்போதைய மெஷின்களில் குமிழியும் இல்லை, ஸ்டாப்வாட்ச்சும் இல்லை. குழாயின் நீளம், விட்டம், வாயு, வேகம் எல்லாவற்றையும் திரையில் அடித்தால் மெஷின் தானே அழுத்தத்தைக் கணக்கிட்டு வைக்கும். ஓவன் சூடேற ஏற வாயு பிசுபிசுப்பாகும், பழைய நிலையான அழுத்தத்தில் ஓட்டினால் 40 டிகிரியிலிருந்து 240 டிகிரிக்குப் போவதற்குள் வேகம் கால் பங்குக்கு மேல் விழுந்துவிடும். அதையும் புது மெஷின் சரிக்கட்டும். ஆனால் அது நம் வார்த்தையை நம்புகிறது. அழுக்குப் படிந்த முனையை ஒவ்வொரு பராமரிப்பிலும் நறுக்கி நறுக்கி, 30 மீட்டர் குழாய் 28 மீட்டர் ஆகியிருக்கும், திரையில் மட்டும் 30 என்றே இருக்கும். வேகம் சரியாக இருப்பதாகத் திரை சொல்லும், பீக் வந்து சேரும் நேரமான ரிட்டென்ஷன் டைம் இல்லை என்று சொல்லும். அதனால் மீத்தேன் குத்திப் பார்க்கும் பழக்கத்தை நான் விடவில்லை.

புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே, “சார், வேகம் எத்தனை வைக்கணும்?” என்று கேட்பார்கள். எந்த வாயு, குழாய் எத்தனை விட்டம், எந்த இரண்டு பீக் ஒட்டிக்கொண்டு வருகிறது, தாளுக்காகக் கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். பதில் வந்ததும், பள்ளத்தின் அடி, அதற்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று மூன்று வேகத்தில் ஒரே சாம்பிளைக் குத்தச் சொல்லி, மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். பீக் போதுமான அளவு பிரிந்திருக்கும் தாள்களில் எது சீக்கிரம் முடிந்ததோ அதன் வேகத்தை மெத்தட்டில் எழுதச் சொல்வேன், சென்டிமீட்டரில்.